இரண்டு புள்ளி மூன்று

முதல் இரண்டு ஆண்டு மதிப்பெண்கள் குறித்து
ஏதேனும் விளக்க விரும்புகிறீர்களா
என்று கேட்கிறது படிவம்.
கீழே ஒரு வெள்ளைப் பெட்டி,
ஆயிரத்து முன்னூறு எழுத்து கொள்ளும்.

கிராண்ட் ஃபோர்க்ஸ், ஆம்புலன்ஸ் நிலையம்.
இரவு இரண்டேகால், மே மாதம்.
ஆறு வடிந்து மூன்று வாரமாகிறது.
ஷட்டர் கதவில் முழங்கால் உயரத்தில்
ஒரு வண்டல் கோடு.
ஆரின் இருமுறை கழுவிப் பார்த்தான்.
சுற்றி வெளுத்ததுதான் மிச்சம்,
கோடு இன்னும் பளிச்சென்று ஆனது.

விண்ணப்ப ஆலோசகர் திருமதி ஹாக்ஸ்ட்ராவுக்கு
என் மேல் அக்கறை அதிகம்.
"அந்தச் சமயம் வீட்டில் ஏதாவது நடந்ததா, மாரிட்?"
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.
நடக்கவில்லை.
அம்மா வங்கி வேலைக்குப் போய் வந்தாள்.
அப்பா இன்றைக்கும் கெளுத்தி பிடிக்கப் போகிறார்,
கல்லுக்குண்டு மாதிரி.
"உடம்புக்கு?"
நன்றாக இருந்தது.
"மனசுக்கு?"
தூங்கிக்கொண்டிருந்தது,
பகல் பதினொரு மணிவரை,
போர்வைக்குள், என்னோடு.

பேனாவை மூடினார்.
துக்கமே இல்லாதவளுக்கு
யார்தான் எப்படி உதவ முடியும்?

கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையுமாம்.
எழுபது கிரெடிட் கரைத்தேன்.
பகலில் வகுப்பு, இரவில் ஸ்ட்ரெச்சர்,
நடுவில் சர்க்கரை ஆலை ஓரமாய்
நாற்றத்துக்குக் கண்ணாடி ஏற்றிய காரில்
அமினோ அமிலங்களின் பெயர்களை
யாரையோ திட்டுவது போல் உரக்கச் சொல்லி
வாங்கியதெல்லாம் ஏ.
இரண்டு புள்ளி மூன்று கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து
மூன்று புள்ளி இரண்டில்
எருமை மாதிரி உட்கார்ந்துவிட்டது.
சராசரிக்கு மறதி கிடையாது.
ஒவ்வொரு புது ஏ-யிலும்
பழைய கடன்காரன் தன் பங்கைக்
கிள்ளி எடுத்துக்கொள்கிறான்.

இது மூன்றாவது வருடம்.
இதுவரை வந்த பதினேழு கடிதங்களிலும்
என் ஆர்வத்துக்கு நன்றி சொல்லியிருந்தார்கள்.

போன பிப்ரவரியில் ஒரு அழைப்பு:
பெல்மான்ட் சாலை, அறுபத்தெட்டு வயது, நெஞ்சுவலி.
உள்ளே போனால் பேராசிரியர் வெஸ்ட்பி.
கரிம வேதியியல். எனக்கு எஃப் போட்டவர்.
சமையலறைத் தரையில், பைஜாமாவில்,
வியர்த்து, சாம்பல் நிறத்தில்.
அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.
எப்படித் தெரியும்?
நான்தான் வகுப்புக்கே போனதில்லையே.

நான்கு ஆஸ்பிரின் கொடுத்து
மென்று விழுங்கச் சொன்னேன்.
உள்ளங்கையில் அவற்றைப் பார்த்து
"அசிட்டைல் சாலிசிலிக்..." என்றார்.
மூச்சு முட்டியது.
"ஆசிட்" என்றேன். "பேச வேண்டாம்."
ஈசிஜி ஒட்டும் என் விரல்களை
மருத்துவமனை வாசல்வரை பார்த்துக்கொண்டே வந்தார்.
பிழைத்துக்கொண்டார்.

"இதை எழுது" என்கிறான் ஆரின், காபியை ஊதியபடி.
"இதைவிட என்ன வேண்டுமாம் அவர்களுக்கு?"
எழுதினேன். நன்றாகவே வந்தது.
கடைசி வரியில் எனக்கே கண் கலங்கியது.
அப்போதுதான் அந்தப் பைஜாமா ஞாபகம் வந்தது.
நீலத் துணியில் சின்னச் சின்னப் படகுகள்,
இடுப்பில் கயிறு அவிழ்ந்து.
அது அவருடைய நெஞ்சுவலி.
என் கடனுக்கு அவர் காசா?
முழுவதையும் அழித்தேன்.

இப்போது பெட்டியில் இருப்பது:
"வகுப்புக்குப் போகவில்லை. அதற்குக் காரணம் ஏதும் இல்லை.
இருபத்து நான்கு வயதிலிருந்து போகிறேன்."
இடம் இன்னும் நிறைய இருக்கிறது
என்கிறது படிவம்.

சுவரில் மணி அலறுகிறது.
டிமர்ஸ் அவென்யூ, படியில் விழுந்த ஒருவர்.
ஆரின் வண்டியைக் கிளப்பிவிட்டான்.
சமர்ப்பி என்பதை அழுத்தினேனா
என்று வண்டியில் ஏறும்போது சந்தேகம்.
ஷட்டர் மேலே போகிறது,
அதோடு அந்தக் கோடும்.